நேர்ச்சைக் கடன்: புனித அருளானந்தர் வரலாற்றில் நன்றியும் பணியும்



ஜூபிலி என்றால் கணக்குப் பார்க்கும் காலம். கோயில் வரவு செலவுக் கணக்கை நம் பங்குக் குழுவினர் பார்த்துக்கொள்வார்கள். நாம் பார்க்க வேண்டியது வேறொரு கணக்கு. இத்தனை ஆண்டுகளில் இந்த முசரவாக்கத்து மண்ணில் ஆண்டவர் நமக்குச் செய்தது எவ்வளவு, அதற்கு நாம் திருப்பிச் செய்தது எவ்வளவு என்ற கணக்கு. இந்த மலரில் எழுதச் சொல்லி என்னிடம் கேட்டபோது, அந்தக் கணக்கை நேராக எழுத எனக்குத் துணிவு வரவில்லை. ஆகவே ஒரு புனிதரின் கதையைச் சொல்லி அதன் பின்னால் நின்றுகொள்ளலாம் என்று முடிவு செய்தேன். நம் பக்கத்து வீடுகளில் அருளானந்தம், அருள், பிரிட்டோ என்று பெயர் வைத்துக்கொண்டிருப்பவர்கள் பலர் உண்டு. அந்தப் பெயருக்கு உரியவர் வரலாற்றில் பெரும்பாலும் ஓரியூரும் வெட்டுண்ட தலையும் செம்மணலும்தான் நம் நினைவில் நிற்கின்றன. அந்த வரலாறு ஒரு தாயின் வேண்டுதலில் தொடங்கியது என்பதை நாம் அவ்வளவாக எண்ணிப் பார்ப்பதில்லை.

ஜான் தெ பிரிட்டோ 1647ஆம் ஆண்டு மார்ச் முதல் நாள் போர்த்துக்கல் நாட்டுத் தலைநகரான லிஸ்பனில் பிறந்தார். பெரிய குடும்பம், அரச குடும்பத்தோடு நெருங்கிப் பழகிய குடும்பம். தந்தையார் பிரேசில் நாட்டுக்கு அரசுப் பணியாகப் போனவர் திரும்பி வரவில்லை, அங்கேயே இறந்தார். கைக்குழந்தைப் பருவம் தாண்டிய சிறுவனையும் மற்றப் பிள்ளைகளையும் விதவைத் தாய் வளர்த்தார். பிள்ளை சற்று வளர்ந்ததும் அரண்மனையில் இளவரசர் பேதுருவுக்குத் தோழனாகவும் பணியாளனாகவும் சேர்க்கப்பட்டான். அக்காலத்தில் அது பெரிய வாழ்வு. அரண்மனை வாழ்வுக்குள் போன பிள்ளை அதிலேயே நின்று பெரிய பதவிக்கு வருவான் என்றே எல்லாரும் எண்ணியிருப்பார்கள்.

ஆனால் பதினொரு வயதளவில் சிறுவனுக்குக் கடுமையான நோய் கண்டது. மருத்துவர்கள் கைவிட்டார்கள். கைவிடப்பட்ட இடத்தில் ஒரு தாய் என்ன செய்வாள் என்பதை நம் ஊரில் யாருக்கும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. லிஸ்பன் ஆனால் என்ன, காஞ்சிபுரம் ஆனால் என்ன! அந்த அம்மையார் புனித பிரான்சிஸ் சவேரியாரை நோக்கி வேண்டிக்கொண்டார். பிள்ளை பிழைத்தால் ஓராண்டு முழுவதும் இயேசு சபையாரின் அங்கியை அவனுக்கு அணிவிப்பதாக நேர்ந்துகொண்டார். பிள்ளை பிழைத்தான். தாய் சொன்னபடி செய்தார். பட்டும் சரிகையும் உலாவிய அரண்மனையில், இளவரசனின் தோழர்கள் நடுவில், ஒரு சிறுவன் மட்டும் ஓராண்டு காலம் கறுப்பு அங்கியோடு நடமாடினான்.

இங்கே ஒன்றைக் குறிப்பிட வேண்டும். அந்தச் சவேரியார் நமக்கு அந்நியர் அல்லர். 1545ஆம் ஆண்டு சில மாதங்கள் மயிலாப்பூரில் புனித தோமையாரின் கல்லறை அருகே தங்கி, இன்னும் தொலைதூர நாடுகளுக்குப் போக வேண்டுமா என்று செபத்தில் கேட்டுக்கொண்டிருந்தார் அவர். நம் ஊரிலிருந்து அந்நாளில் கால்நடையாய் இரண்டு நாளில் போய்ச் சேரும் இடம். அங்கிருந்துதான் மலாக்காவுக்குக் கப்பலேறினார். ஆக, லிஸ்பனில் ஒரு தாய் கேட்ட வரம், நம் கடற்கரையில் முழங்காலில் நின்றவர் வழியாகக் கேட்கப்பட்டது. அந்த வரத்துக்கான கைம்மாறும் பிறகு நம் தமிழ் மண்ணுக்கே வந்து சேர்ந்தது.

ஓராண்டு முடிந்தது. நேர்ச்சை தீர்ந்தது. அங்கியைக் கழற்றினான் சிறுவன். கணக்குப்படி கடன் அத்தோடு அடைந்துவிட்டது.

இந்த இடத்தில் என் சொந்தக் கதை ஒன்றைச் சொல்லாமல் மேலே போக முடியவில்லை. வாசகர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். எனக்கு ஒன்பது வயதில் விஷக்காய்ச்சல் வந்து இருபது நாளுக்கு மேல் படுக்கையில் கிடந்தேன். பிழைத்து எழுந்ததும் என் தாயார், "கோயிலை ஒரு வருஷம் பெருக்கி வைப்பான் என்று மாதாவிடம் சொல்லியிருக்கிறேன். சனிக்கிழமை தோறும் போக வேண்டும்" என்றார். முதல் மாதம் ஒழுங்காகப் போனேன். பிறகு பம்பரமும் கிட்டிப்புள்ளும் வந்து குறுக்கே நின்றன. மூன்றாம் மாதம் முதல் பாதி கோயிலைப் பெருக்கிவிட்டு ஓடி வந்துவிடுவேன். மீதிப் பாதியை என் தாயார் ஞாயிறு விடியற்காலையில் பூசைக்கு முன்னால் போய்ப் பெருக்கிவிட்டு வந்தார் என்பது அவர் இறந்த பிறகு ஒரு பெரியம்மா சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. ஐம்பத்திரண்டு சனிக்கிழமை என்று எண்ணிக்கொண்டிருந்தேனே தவிர, உயிர் கிடைத்ததை எண்ணவில்லை. நம்மில் பலருடைய நேர்ச்சை இப்படித்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன். மொட்டை போட்டாயிற்று, மெழுகுதிரி ஏற்றியாயிற்று, தேருக்கு மாலை வாங்கிக் கொடுத்தாயிற்று. இனி நமக்கும் புனிதருக்கும் பற்று வரவு இல்லை என்று கணக்கை மூடிவிடுகிறோம். நேர்ச்சையை நான் இகழவில்லை. அது நம் ஏழை மக்களின் நன்றி மொழி. ஆனால் கொடுக்கல் வாங்கலாகவே அது நின்றுபோனால், சந்தைக்கும் சந்நிதிக்கும் வேறுபாடு இல்லாமற் போகிறது.

அந்த லிஸ்பன் சிறுவனின் மனத்தில் கணக்கு மூடவில்லை. கழற்றிய அங்கியை மறுபடி கேட்டான். இம்முறை தாய் நேர்ந்துகொண்டதற்காக அல்ல, தானாகவே. 1662ஆம் ஆண்டு டிசம்பர் 17ஆம் நாள், பதினைந்து வயதில், இயேசு சபையின் நவசந்நியாச மடத்தில் சேர்ந்தான். படிப்பில் சிறந்து விளங்கியதால் ஆசிரியராக ஐரோப்பாவிலேயே வைத்துக்கொள்ளவே மேலதிகாரிகளுக்கு விருப்பம். அவரோ இந்தியாவுக்கு அனுப்பும்படி மன்றாடிக் கடிதம் எழுதினார். கடைசியில் அனுமதி கிடைத்தது.

வேடிக்கை என்னவென்றால், இப்போது தடுத்தவர் அவருடைய தாயார்! பிள்ளைக்காக வேண்டிக்கொண்ட அதே அம்மையார், பிள்ளை கப்பலேறப் போகிறான் என்றதும் மனம் உடைந்து, பாப்பரசரின் தூதுவர் வரைக்கும் சென்று பயணத்தை நிறுத்த முயன்றார். யாரால் அவரைக் குறை கூற முடியும்? கணவரைக் கடல் கடந்த நாட்டில் பறிகொடுத்தவர். ஓராண்டுக்குத்தான் கொடுத்தேன், ஆயுளுக்குக் கொடுக்கவில்லையே என்று அந்தத் தாயுள்ளம் அழுதிருக்கும். மகனோ அசையவில்லை. 1673ஆம் ஆண்டு குருப்பட்டம் பெற்ற சில வாரங்களுக்குள் கப்பலேறினார். ஆப்பிரிக்காவைச் சுற்றிவரும் ஆறு மாதப் பயணம். அக்காலக் கப்பல்களில் நோயும் சாவும் உடன்பயணிகள். செப்டம்பரில் கோவாவை அடைந்தார். படிப்பின் மிச்சத்தை முடித்துக்கொண்டு அடுத்த ஆண்டு மலையாள நாட்டு வழியாக மலை கடந்து தமிழ்நாட்டுக்குள் வந்தார். வயது இருபத்தேழு.

அவர் வந்து சேர்ந்தது மதுரை மிஷன். 1606இல் மதுரைக்கு வந்த தத்துவ போதக சுவாமிகளாகிய ராபர்ட் தெ நோபிலி வகுத்த பாதை அது: தமிழ் பேசி, தமிழர் உண்பதை உண்டு, தமிழ்நாட்டுத் துறவிபோல் வாழ்ந்து நற்செய்தி சொல்வது. நோபிலியார் உயர்குலத்தார் நடுவே சந்நியாசி முறையில் வாழ்ந்தார். பிறகு எல்லா மக்களிடமும் சற்றுத் தாராளமாகப் போய்வர இடம் தரும் பண்டாரசுவாமி முறை வந்தது. நம்மவர் அதை மேற்கொண்டார். காவி உடை, தலைப்பாகை, கையில் கோல், காலில் கட்டை மிதியடி. மீன் இல்லை, இறைச்சி இல்லை; சோறும் காய்கறியும் மட்டும். பெயரும் தமிழ்ப் பெயராயிற்று: அருளானந்தர். அருள் என்பது இலவசமாகக் கிடைத்தது. ஆனந்தம் என்பது அதைப் பெற்றவனின் நிலை. பிழைக்க மாட்டான் என்று கைவிடப்பட்டவருக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் வேறு உண்டா?

சாதிப் பிரிவுகளை அந்த மிஷன் உடைத்துவிடவில்லை, அவற்றுக்குள் நுழைந்து செல்ல வழி தேடியது என்பதை மறைக்காமல் சொல்ல வேண்டும். எளிய மக்கள் குருவானவரைக் காண இரவு நேரத்தில் வரவேண்டியிருந்த நாள்கள் அவை. அதன் வடு நம் திருச்சபையில் இன்னும் முழுதாக ஆறவில்லை. இருந்தாலும் அந்த எளிய மக்களிடம் சென்றுவரக்கூடிய முறையைத் தேர்ந்துகொண்டவர் அருளானந்தர் என்பதும் உண்மை.

அவர் பணி செய்த காலம் அமைதியான காலம் அல்ல. மதுரை நாயக்கர் அரசு தளர்ந்துகொண்டிருந்தது. தஞ்சை மராத்தியர் கைக்குப் போயிற்று. 1677இல் சிவாஜி வந்து செஞ்சிக் கோட்டையைப் பிடித்தார். நம் காஞ்சிபுரத்துச் சீமையும் அந்தப் படையெடுப்புகளின் தூசியில்தான் கிடந்தது. படைகள் போன வழியெல்லாம் பயிர் அழிந்தது, ஊர் காலியானது. இந்த நடுக்கத்தின் ஊடே அருளானந்தர் செஞ்சிச் சீமையிலும் தஞ்சைச் சீமையிலும் ஊர் ஊராய் நடந்தார். பகலில் காடும் புதரும், இரவில் ஒரு கொட்டகையில் மக்கள் கூட்டம். பாவசங்கீர்த்தனம் கேட்பது, ஞானஸ்நானம் கொடுப்பது, நோயாளியைப் பார்ப்பது, விடியுமுன் பூசை வைத்துவிட்டு அடுத்த ஊருக்கு நடப்பது. இதைத்தான் ஏறக்குறைய பன்னிரண்டு ஆண்டுகள் செய்தார். வேதசாட்சி மரணம் ஒரு நாளில் முடிந்தது. இந்த நடைக்கு நாலாயிரம் நாளுக்கு மேல் ஆயிற்று. எனக்கென்னவோ இரண்டாவதுதான் அதிகக் கடினமாகப் படுகிறது.

அவரோடு நடந்த உபதேசியார்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. குருவானவர் ஆண்டுக்கு ஒரு முறையோ இரண்டு முறையோதான் ஓர் ஊருக்கு வர முடியும். மற்ற நாளெல்லாம் செபம் சொல்லிக் கொடுத்தவர், சாகும் குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுத்தவர், சண்டை தீர்த்தவர், பிணம் அடக்கியவர் உபதேசியார். நம் பகுதிக்கும் இது பொருந்தும். 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் புதுச்சேரியிலிருந்து பிரெஞ்சு இயேசு சபையார் மதுரை மிஷனைப் பின்பற்றியே கர்நாடக மிஷனைத் தொடங்கினார்கள். 1773இல் இயேசு சபை கலைக்கப்பட்டு, 1776இல் பாரீஸ் அந்நிய வேதபோதக சபையார் பொறுப்பேற்றார்கள். குருக்கள் மாறினார்கள், சபைகள் மாறின, மறைமாவட்டங்களும் மாறின. நம்மையே எடுத்துக்கொள்ளுங்கள்: சென்னை மயிலை உயர்மறைமாவட்டத்தில் இருந்த இந்தப் பகுதி, 2002இல் செங்கல்பட்டு மறைமாவட்டம் உருவானபோது அதற்குள் வந்தது. இவ்வளவு மாற்றங்களுக்கும் இடையில் விசுவாசம் அறுந்துபோகாமல் காத்தவர்கள், பெயர் எழுதப்படாத உபதேசியார்களும் செபமாலை சொல்லிக் கொடுத்த பாட்டிமார்களும்தான். காஞ்சிப் பட்டில் கோர்வைச் சேலை நெய்கிறவர்களைக் கேட்டுப் பாருங்கள். உடலையும் கரையையும் தனித்தனி நாடாவால் நெய்து இணைப்பதற்குத் தறியில் ஒருவர் போதாது. பக்கத்தில் உட்கார்ந்து கரை நாடாவைத் தள்ள இன்னொருவர் வேண்டும். சேலை விற்கும்போது அந்த இன்னொருவரை யாரும் கேட்பதில்லை.

1686ஆம் ஆண்டு அருளானந்தர் மறவர் நாட்டுக்குள் புகுந்தார். அங்கு வேதபோதகம் தடை செய்யப்பட்டிருந்தது. சில வாரங்களுக்குள் ஏராளமானவர்களுக்கு ஞானஸ்நானம் கொடுத்தார். ஜூலை மாதம் உபதேசியார்களோடு பிடிபட்டார். அடித்தார்கள், சங்கிலியிட்டார்கள், தண்ணீரில் அமுக்கி அமுக்கி எடுத்தார்கள், கொதிக்கும் வெயிலில் பாறைமேல் கிடத்தி மிதித்தார்கள். சிவன் பெயரைச் சொன்னால் விட்டுவிடுகிறோம் என்றார்கள். ஒருவரும் பணியவில்லை. கடைசியில் இராமநாதபுரத்தில் கிழவன் சேதுபதி முன் கொண்டுபோய் நிறுத்தினார்கள். சேதுபதி நேரில் விசாரித்து, அவர் போதித்ததைக் கேட்டுவிட்டு, இனி இந்த நாட்டில் போதிக்கக் கூடாது என்று ஆணையிட்டு விடுதலை செய்தார். நம் மேடைகளில் சேதுபதியைக் கொடுங்கோலனாகவே காட்டுவது வழக்கம். முதல் முறை அவர் உயிரோடு விட்டார் என்பதையும் சேர்த்துச் சொல்வது நியாயம்.

பிறகு மேலதிகாரிகள் அவரை மிஷன் காரியமாக ஐரோப்பாவுக்கு அனுப்பினார்கள். 1687இல் லிஸ்பனில் இறங்கினார். பழைய தோழர் பேதுரு இப்போது அரசர். அரண்மனை வாசலில் வந்து நின்றவரோ வெயிலில் கறுத்து, சித்திரவதையின் தழும்புகளோடு மெலிந்த ஒரு மனிதர். அங்கேயும் அவர் தரையில் படுத்தார், சோறும் காய்கறியுமே உண்டார். தமிழ்நாட்டில் தமிழருக்காக மேற்கொண்ட விரதத்தை லிஸ்பனில் ஏன் விடாமல் காத்தார்? திரும்பிப் போகிறவன் பழக்கத்தை விடக் கூடாது என்பதற்காக இருக்கலாம். விடுவதற்கு மனமே இல்லாமல் போயிருக்கலாம். இளவரசருக்கு ஆசிரியராக இங்கேயே இருந்துவிடும்படி அரசர் வற்புறுத்தினார். உடல் நலம் கெட்டவர், பதினான்கு ஆண்டு பாடுபட்டவர், போதும் என்று சொல்லியிருந்தால் ஒருவரும் குற்றம் சொல்லியிருக்க மாட்டார்கள். தாயார் உயிரோடு அங்கே இருந்தார். எல்லாவற்றையும் இரண்டாம் முறையாக விட்டுவிட்டு 1690இல் மறுபடி கப்பலேறினார். முதற்பயணம் இளமையின் வேகம் என்று ஒருவர் சொல்லலாம். இரண்டாம் பயணத்தை அப்படிச் சொல்ல முடியாது. என்ன காத்திருக்கிறது என்று முதுகில் தழும்பாக எழுதியே இருந்தது.

இனி வருவது கதையின் மறுபாதி. இதில் நோயுற்றவர் வேறொருவர்.

மறவர் நாட்டுச் சிறுவல்லியில் தடியத்தேவர் என்ற தலைவர் இருந்தார். அரச குடும்பத்தவர், சேதுபதியின் அரியணைக்கே உரிமை கோரத் தக்கவர் என்று மக்கள் பேசிக்கொண்டார்கள். அவருக்குத் தீராத நோய் வந்தது. வைத்தியம் பலிக்கவில்லை. கிறிஸ்தவர்களின் குருவைக் கேள்விப்பட்டு ஆளனுப்பினார். அருளானந்தர் உடனே தாம் போகவில்லை, ஓர் உபதேசியாரை அனுப்பினார். உபதேசியார் நோயாளியின் தலைமாட்டில் நின்று நற்செய்தி வாசித்து செபித்தார். தடியத்தேவர் நலமடைந்தார். கவனியுங்கள்: லிஸ்பனில் ஒரு கட்டில், சிறுவல்லியில் ஒரு கட்டில். முப்பத்தைந்து ஆண்டு இடைவெளி. முன்னதில் பிழைத்தவன், பின்னதில் பிழைத்தவரிடம் ஆளனுப்புகிறான். சீமோனின் மாமியார் காய்ச்சல் நீங்கியதும் எழுந்து பணிவிடை செய்யத் தொடங்கினார் என்று மாற்கு எழுதியிருக்கிறாரே, ஒரே வரியில், அந்த வரிக்கு நம் நாட்டில் எழுதப்பட்ட விரிவுரை இது.

தடியத்தேவர் ஞானஸ்நானம் கேட்டார். நோய் நீங்கிய மகிழ்ச்சியில் கேட்பதைக் கொடுத்துவிட அருளானந்தர் அவசரப்படவில்லை. அரச உரிமை உள்ள ஒரு தலைவர் வேதத்தில் சேர்ந்தால் மிஷனுக்கு எவ்வளவு பெரிய பலம்! வேறொருவராயிருந்தால் நிபந்தனையைச் சற்று நெகிழ்த்தியிருப்பார். அவரோ ஒருவனுக்கு ஒருத்தி என்ற வேதசட்டத்தை எடுத்துச் சொன்னார். தடியத்தேவருக்கு மனைவியர் பலர். முதல் மனைவியை மட்டும் வைத்துக்கொண்டு, மற்றவர்களை உடன்பிறந்தாரைப் போல் பாவித்து, குறைவின்றிப் பராமரிப்பதாக அவர் முடிவு செய்து, அவர்களிடம் நேரில் சொன்னார். 1693 ஜனவரி 6ஆம் நாள், மூன்று அரசர் திருநாளன்று, இருநூறு பேரோடு சேர்ந்து ஞானஸ்நானம் பெற்றார்.

விலக்கப்பட்டவர்களுள் இளையவர் கடலாயி. சேதுபதியின் உடன்பிறந்தார் மகள். நம் நாடகங்களில் இவரை ஏரோதியாளின் மறுபிறப்பாகவே மேடையேற்றுகிறார்கள். தலைவிரி கோலமாக வந்து பழிவாங்குவேன் என்று முழங்குவார், பிள்ளைகள் சிரிப்பார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அந்தப் பெண் தானே கேட்டா பல மனைவியருள் ஒருத்தியானார்? ஊர் வழக்கப்படி, பெரியவர்கள் முடிவு செய்தபடி கட்டிக்கொடுக்கப்பட்டவர். ஒருநாள் காலையில், இனி நீ எனக்குத் தங்கை என்று கணவர் சொல்கிறார். சோறும் துணியும் குறையாது என்பது அவருக்கு என்ன ஆறுதல்? ஒருவர் பெற்ற அருளின் செலவு இன்னொருவர் தலையில் விழுந்தது. வேதசட்டம் சரியானதே, அதை மாற்ற அருளானந்தருக்கு அதிகாரமும் இல்லை. ஆனாலும் கடலாயியின் கண்ணீரும் உண்மையான கண்ணீர்தான் என்பதை ஒப்புக்கொள்ளாமல் இந்த வரலாற்றைச் சொல்வது முழுமையாகாது. நம்மில் யாராவது கடவுளுக்கு நன்றியாக ஒரு பெரிய முடிவு எடுக்கும்போது, வீட்டில் அதன் சுமையைச் சுமக்கப்போவது யார் என்று பார்த்துக்கொள்வது நல்லது.

கடலாயி சேதுபதியிடம் சென்று முறையிட்டார். குடும்ப மானம் ஒரு பக்கம். அரியணைக்கு உரிமையுள்ள தடியத்தேவரைச் சுற்றி ஒரு புதிய கூட்டம் சேர்கிறதே என்ற அரசியல் அச்சம் மறுபக்கம். போதிக்காதே என்று தாம் இட்ட ஆணையும் மீறப்பட்டிருந்தது. ஞானஸ்நானம் நடந்த இரண்டாம் நாளே, ஜனவரி 8ஆம் தேதி, அருளானந்தர் கைது செய்யப்பட்டார். குதிரையோடு ஈடுகொடுத்து ஓடவிட்டு இராமநாதபுரத்துக்கு இழுத்துச் சென்றார்கள். தடியத்தேவர் விரைந்து வந்து தம் குருவுக்காக மன்றாடினார். அதனால் தலைநகரிலேயே கொன்றுபோடச் சேதுபதிக்குத் தயக்கம். நாடுகடத்துவதாக வெளியே சொல்லிவிட்டு, நாட்டின் வட எல்லையில் பாம்பாற்றங்கரையிலிருந்த ஓரியூருக்கு, அங்கே ஆண்டுவந்த தம் தம்பியிடம், கொல்லும்படி ரகசிய ஆணையோடு அனுப்பினார்.

பிப்ரவரி 3ஆம் நாள் சிறையிலிருந்து அருளானந்தர் கடைசிக் கடிதங்களை எழுதினார். மையில்லை, கரியைத் தண்ணீரில் கரைத்து, துரும்பை எழுதுகோலாக்கி எழுதினார். தம்மீது சாட்டப்பட்ட ஒரே குற்றம் வேதத்தைப் போதித்தது என்பதும், அதற்காகச் சாவது தமக்கு மகிழ்ச்சி என்பதுமே அக்கடிதங்களின் சாரம். அவற்றில் ஒன்றைப் பெற்றவர் மிஷன் தலைவராயிருந்த பிரான்சிஸ் லாய்னஸ் சுவாமியார். இவரே பிற்காலத்தில் மயிலாப்பூர் ஆயரானார்.

மறுநாள், 1693 பிப்ரவரி 4, புதன்கிழமை. விபூதிப் புதன். நெற்றியில் சாம்பல் பூசி, மண்ணாயிருக்கிறாய் என்று திருச்சபை நினைவூட்டும் நாள். ஊருக்கு வெளியே ஆற்றங்கரை மேட்டில் முழங்காலிட்டுச் செபித்தார். வெட்டுகிறவன் தயங்கி நின்றபோது, எழுந்து அவனைத் தழுவி, உன் கடமையைச் செய் என்று கூறி மறுபடி மண்டியிட்டார். தலையை வெட்டி, கைகால்களையும் துண்டித்து, உடலைக் கம்பத்தில் கட்டித் தொங்கவிட்டார்கள். வயது நாற்பத்தாறு நிறையவில்லை. சிறுவயதில் மருத்துவர்கள் கைவிட்ட உயிர், மேலும் முப்பத்தைந்து ஆண்டு ஓடியிருந்தது.

மற்றவை நமக்குத் தெரிந்தவை. 1853இல் பாப்பரசர் ஒன்பதாம் பத்திநாதர் அவருக்கு முத்திப்பேறு பட்டம் அளித்தார். 1947 ஜூன் 22ஆம் நாள், நம் நாடு விடுதலை பெறுவதற்கு இரண்டு மாதங்களுக்குச் சற்றுக் குறைவாக இருக்கையில், பாப்பரசர் பன்னிரண்டாம் பத்திநாதர் அவரைப் புனிதராக அறிவித்தார். மதுரை அருகே கருமாத்தூரில் 1970இல் இயேசு சபையார் தொடங்கிய கல்லூரிக்கு அருள் ஆனந்தர் பெயர். ஓரியூருக்குச் சாதி மதம் பாராமல் மக்கள் போகிறார்கள், வேண்டிக்கொள்கிறார்கள், செம்மணலை மடித்து எடுத்து வருகிறார்கள். சென்ற முறை நான் போனபோது, நோய் தீர்ந்த பேரனோடு வந்திருந்த ஒரு பாட்டி, மொட்டையடித்த கையோடு மண்டபத்தின் ஒரு மூலையில் உட்கார்ந்து, வந்தவர் போனவர்க்கெல்லாம் செம்பில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். வெயில் தாழும் வரை அவர் எழுந்திருக்கவில்லை. கிறிஸ்தவர்தானா என்று நான் கேட்கவில்லை, கேட்கத் தோன்றவில்லை.

நான் சொல்ல வந்ததில் ஒன்று மிச்சமிருக்கிறது. அது அந்தத் தாயைப் பற்றியது. மகன் இறந்த செய்தி கடல் கடந்து லிஸ்பன் போய்ச் சேர அடுத்த ஆண்டாயிற்று. அரசர் பேதுரு அம்மையாருக்குச் சொல்லி அனுப்பினார்: கறுப்பு உடுத்தி வர வேண்டாம், விழாக்கோலத்தில் அரண்மனைக்கு வர வேண்டும் என்று. கணவரைக் கடலுக்கு அப்பால் இழந்தவர், பிள்ளையின் பயணத்தைத் தடுக்க வாசல் வாசலாய் ஏறியவர், இப்போது என்ன செய்வார்? பண்டிகை நாளுக்கு உடுத்தும் ஆடையை எடுத்து உடுத்திக்கொண்டு, சவேரியாரிடம் கேட்டு வாங்கிய பிள்ளைக்காக நன்றி செலுத்த அந்த மூதாட்டி அரண்மனைக்குப் போனார்.